கைதவறி வந்த காசு

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம்மவர் பழமொழி. அது கொடுப்பவனுக்குச் சொல்லப்பட்ட புத்தி. அளவு தவறிக் கொடுக்கப்பட்டுவிட்டால், வாங்கியவன் என்ன செய்யவேண்டும் என்பது பற்றி அப் பழமொழி ஒன்றும் சொல்லவில்லை. மாதச் சம்பளத்தை நம்பி வாழும் ஆசிரியர்களுக்கும், நாளை அவ்வாறு வாழப்போகும் மாணவர்களுக்கும் அந்த இரண்டாவது கேள்வி அற்பமானதன்று. பெரிய தத்துவங்களைப் பற்றி மேடையில் பேசுகிறோம். நமது கொள்கை உண்மையில் எத்தகையது என்பதைச் சோதித்துப் பார்க்கும் சந்தர்ப்பமோ, பெரும்பாலும் ஒரு சம்பளப் பட்டியலின் மூலையிலேயே வந்து நிற்கிறது.

நமக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் குடாநாட்டின் கிராமப் பாடசாலை ஒன்றிற் படிப்பிக்கிறார். தர உயர்வுக்கான சம்பள நிலுவை அவருக்கு நெடுங்காலம் கிடைக்காமல் இருந்தது. விண்ணப்பங்கள், நினைவூட்டற் கடிதங்கள், அலுவலகப் படிக்கட்டுகள் என்று காலம் கழிந்தபின் ஒருநாள் அது வங்கிக் கணக்கில் விழுந்தது. அடுத்த மாதமும் அதே தொகை மறுபடி விழுந்தது. அவருடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேற்பட்ட பணம். முதலில் வேறு ஏதோ கொடுப்பனவு என்று நினைத்தார். சம்பளச் சீட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தபோது, ஒரே நிலுவை இருதடவை கொடுக்கப்பட்டிருப்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது.

இதனை அவர் ஆசிரியர் ஓய்வறையில் எடுத்துச் சொன்னதும் விவாதம் மூண்டது. “மாஸ்ரர், ஏன் வீணாய் மனதைக் குழப்புறியள்? அவங்கள் எங்களுக்குத் தரவேண்டியது எவ்வளவு கிடக்கு!” என்றார் ஒருவர். “ஆர் கேட்கப் போகினம்? கேட்டால் அப்ப பாப்பம்” என்றார் இன்னொருவர். இவர்கள் திருடர்களல்லர். கடன் வாங்கியும் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்கிற நல்லாசிரியர்கள். ஆகவேதான் அவர்கள் சொன்ன நியாயங்களை ஏளனம் செய்யாமல் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வது நமது கடமை.

முதலாவது நியாயம் இது: ‘நமக்குக் குறைத்துத் தந்தார்கள், ஆகவே கூடுதலாக வந்தது நமக்கே உரியது.’

குறைத்துத் தந்தார்கள் என்பதில் எமக்குச் சந்தேகமில்லை. உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளின் காலத்தில், முழுச் சம்பளத்துக்குக் கையொப்பமிட்டுவிட்டு அதற்குக் குறைந்த தொகையோடு வீடு திரும்பிய ஆசிரியர்களை நமது பழைய தலைமுறை அறியும். எஞ்சியது ‘விரும்பிக் கொடுத்த’ நன்கொடையாக முகாமையாளரிடம் தங்கிவிடும். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் அப்பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசின் கைக்குக் கொண்டுவந்தபோது, அச் சட்டங்களின் ஏனைய விளைவுகளைப் பற்றி மாறுபட்ட கருத்துக் கொண்டிருந்த ஆசிரியர்கள்கூடச் சம்பளம் முழுமையாகக் கிடைக்கும் என்பதில் ஆறுதலடைந்தார்கள். ஆனால் எசமான் மாறியதால் குறை தீர்ந்துவிடவில்லை. 1997ஆம் ஆண்டுச் சம்பளத் திருத்தத்தோடு எழுந்த ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாடு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு இழுபட்டது. 2021 ஜூலை மாதம் நாடு முழுவதும் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி, மூன்று மாதங்களுக்கு மேலாகப் போராடிய பின்னரே, சுபோதினி குழு விதந்துரைத்த உயர்வில் மூன்றிலொரு பங்கு 2022 ஜனவரியிலிருந்து கிடைத்தது. அந்த மூன்றிலொரு பங்கும் கைக்கு வந்த அதே ஆண்டிற் பணவீக்கம் எழுபது வீதத்தை எட்டியது. கூட்டித் தந்ததைச் சந்தை திருப்பி எடுத்துக்கொண்டது.

இவ்வளவும் உண்மையே. ஆனால் இதிலிருந்து, ‘ஆகவே தவறி வந்த பணத்தை வைத்துக்கொள்ளலாம்’ என்ற முடிவு வருமா? வராது. ஏன்? நமக்கு வரவேண்டியது ஒரு கூட்டத்தின் உரிமை. தவறி வந்ததோ ஒருவருடைய அதிர்ஷ்டம். கணினியில் ஓர் இலக்கம் பிழைத்தபோது அது யாருடைய கணக்கில் விழுந்தது? அதிகம் வறுமைப்பட்டவருடைய கணக்கிலா? அதிகம் போராடியவருடைய கணக்கிலா? இரண்டுமில்லை. பக்கத்துக் கதிரையில் இருக்கும் ஆசிரியைக்கும் அதே நிலுவை வரவேண்டியிருந்தது. அவருக்கு ஒருதடவைதானும் வரவில்லை. கூட்டாகப் பெறவேண்டிய நீதியைத் தனியாக விழுந்த லொத்தர்ச் சீட்டுக்கு ஈடுகட்டுவது நீதியைப் பெற்றதாகாது. நீதிக்கான கோரிக்கையைச் சத்தமின்றிக் கைவிட்டதாகவே ஆகும்.

வேறொரு வேறுபாடும் உண்டு. 2021இல் ஆசிரியர்கள் செய்தது வெளிச்சத்தில் நடந்தது. கற்பிக்கமாட்டோம் என்று அறிவித்து, காரணத்தைச் சொல்லி, பழியையும் ஏற்றுக்கொண்டு செய்தார்கள். 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டு வேலையிழந்த ஏறத்தாழ நாற்பதாயிரம் ஊழியர்களும் அவ்வாறே வெளிப்படையாக நின்று, அதற்குரிய விலையைச் செலுத்தினார்கள். தவறி வந்த பணத்தை வைத்திருப்பவரோ, யாரும் பார்த்துவிடக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். மூடிய வாயினால் எந்த வர்க்கமும் எந்த உரிமையையும் வென்றதில்லை.

இரண்டாவது நியாயம் குடாநாட்டிலே தனி வலுவோடு ஒலிப்பது: ‘இது அரசாங்கத்தின் பணம். நமக்கு இத்தனை அநியாயம் செய்த அரசாங்கத்துக்கு நாம் ஏன் யோக்கியராக நடக்கவேண்டும்?’

இக் கேள்வியைக் கேட்பவரிடம் கோபிக்க எமக்கு மனம் வராது. 1981இல் நூலகம் எரிந்த ஊர் இது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் வீடிழந்து தென்மராட்சியை நோக்கி நடந்த மண் இது. அரசாங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் இங்கே ஒருவரது முகம் சுருங்குமாயின், அதற்கு வரலாறு உண்டு. ஆயினும், அரசாங்கம் வேறு, அரசாங்கத்தின் பணம் வேறு. திறைசேரியில் உள்ள பணம் மந்திரியின் தோட்டத்தில் விளைந்ததன்று. இலங்கையின் வரி வருமானத்தில் மிகப் பெரும் பகுதி மறைமுக வரிகளாலேயே வருகிறது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. கடையிற் பொருள் வாங்கும்போது கோடீசுவரனும் அதே வீதம் கொடுக்கிறான். நாட்கூலிக்குத் தேயிலை கொய்யும் பெண்ணும் அதே வீதம் கொடுக்கிறாள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியபோது, வெங்காயத்துக்கு நீரிறைக்கும் கமக்காரரும் சிறு படகில் தொழிலுக்குப் போகும் கடற்றொழிலாளரும் அரசாங்கக் கணக்கு நேராவதற்குத் தமது வயிற்றைக் கொடுத்தார்கள். தவறி வந்த பணத்திலே அந்தக் கமக்காரரின் காசும், அந்தத் தேயிலைத் தோட்டப் பெண்ணின் காசும் கிடக்கின்றன. அநியாயம் செய்தவர்களைத் தண்டிப்பதாக எண்ணிக்கொண்டு, அநியாயத்துக்கு ஆளானவர்களின் பையில் நாம் கைவைக்கலாமா?

மூன்றாவது நியாயம் மாணவர்களிடமிருந்து வருகிறது. அது சித்தாந்த உடை உடுத்தது. ‘தனியார் முதலாளி தவறிக் கூடுதலாகத் தந்தால்? அவன் உபரி மதிப்பைச் சுரண்டியவன்தானே? சுரண்டப்பட்டதில் ஒரு துளி திரும்பி வந்தது என்று கொள்ளலாமே?’

கஸ்தூரியார் வீதிக் கடையொன்றில் காலை முதல் இரவு வரை நின்று துணி விரித்துக் காட்டும் இளைஞனை மனதிற்கொண்டு இக் கேள்வி கேட்கப்படுமானால், அதன் பின்னாலுள்ள பரிவை நாம் மதிக்கிறோம். ஆனால் மார்க்ஸியத்தின் பெயரால் அதற்கு விடை தேடுவோர் மார்க்ஸ் சொன்னதையும் கேட்கவேண்டும். அடோல்ப் வாக்னரின் பொருளியல் நூலைப் பற்றி 1879-80இல் எழுதிய குறிப்புகளில், முதலாளி தொழிலாளியிடம் வெறுமனே கொள்ளையடிக்கிறான் என்று தாம் சொன்னதாகக் கூறுவதை மார்க்ஸ் மறுக்கிறார். முதலாளி உபரி மதிப்பு உற்பத்தியாவதையே கட்டாயப்படுத்துகிறான். பண்டப் பரிமாற்றத்தின் விதிகளை மீறாமலே, உழைப்புச் சக்தியின் முழு விலையையும் கொடுத்துவிட்டே, அதைப் பெற்றுக்கொள்கிறான் என்பதே அவருடைய வாதம். அதாவது நோய் ஒரு கல்லாப்பெட்டியில் இல்லை. உற்பத்தி உறவிலே இருக்கிறது. கல்லாப்பெட்டியிலிருந்து கைதவறி விழுந்த நோட்டை எடுத்து மறைத்துக்கொள்வதனால் அந்த உறவில் ஒரு நூலிழைகூட அறுவதில்லை. மாறாக, மறுநாள் முதலாளி தன் ஊழியர் எல்லோரையும் சந்தேகிக்க ஒரு காரணம் கிடைக்கிறது. கணக்கு எழுதும் பெண்ணின் சம்பளத்தில் அந்த நோட்டு வெட்டப்படுகிறது.

இங்கேதான் நமது விவாதத்தில் இதுவரை முகம் காட்டாத ஒருவர் வருகிறார். கூடுதலாக வந்த பணத்தைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக இருவரையே காண்கிறோம்: கொடுத்த நிறுவனம், வாங்கிய ஊழியர். மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர் சம்பளப் பட்டியலைத் தயாரித்தவர். நூற்றுக்கணக்கான கோவைகளுக்கு நடுவே, மாத முடிவுக்குள் எல்லாம் முடியவேண்டுமென்ற நெருக்கடியில், ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டிவிட்ட ஒரு சிற்றூழியர். நமது நிதிப் பிரமாணங்கள் அரசுக்கு ஏற்பட்ட நட்டத்தை அதற்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடமிருந்தே அறவிட இடம் வைத்திருக்கின்றன. கணக்காய்வு வந்து பிழையைக் கண்டுபிடிக்கும்போது, ‘அரசாங்கம்’ என்ற பெரிய உருவம் வியர்ப்பதில்லை. அந்தச் சிற்றூழியர்தான் விளக்கம் எழுதவேண்டும். அவருடைய சம்பள ஏற்றந்தான் தடைப்படும். நம்மைப் போலவே அவரும் இடர்க்கடன் கட்டுகிறவர். அவருக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உண்டு. ‘அரசாங்கத்திடமிருந்து எடுத்தேன்’ என்று நாம் சொல்லிக்கொள்ளும் பணம் உண்மையில் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதை இப்போது நாம் அறிகிறோம். உழைப்பவர்களின் ஒற்றுமை என்ற சொல்லுக்கு அன்றாட வாழ்வில் ஏதாவது பொருள் உண்டாயின், அது இந்த மேசைக்கு அப்பால் இருக்கும் மனிதரை நினைவிற்கொள்வதில் தொடங்கவேண்டும்.

ஆகவே தெரிந்தவுடன் சொல்லிவிடவேண்டும் என்பதே நமது முடிவு. ஆனால் இத்துடன் பேனாவை வைத்துவிட்டால், நாம் உழைப்பவருக்கு மட்டும் உபதேசம் செய்து, அதிகாரத்துக்கு விடுமுறை கொடுத்தவர்களாவோம். நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு.

தெரிந்து வைத்திருப்பது ஒன்று. தெரியாமல் வாங்கி வாழ்ந்துவிடுவது வேறொன்று. வினைத்திறன் தடை தாண்டலில் ஒரு திகதி பிழைத்துவிடும். அதன் பயனாக ஓர் ஆசிரியைக்குச் சம்பள ஏற்றம் ஓராண்டு முன்னதாகக் கொடுக்கப்பட்டுவிடும். அவருக்கு அது தெரியாது; தெரிந்துகொள்ளும் வழியுமில்லை. பதினைந்து ஆண்டுகள் அச் சம்பளத்தில் அவர் வாழ்கிறார், மகளுக்குக் கலியாணம் செய்கிறார், ஓய்வு பெறுகிறார். பணிக்கொடைக் கணக்குப் போடும்போது பழைய பிழை வெளிப்படுகிறது; பதினைந்து ஆண்டுத் தொகையும் ஒரே வெட்டாக வெட்டப்படுகிறது. இது நியாயமா? பிழை செய்த அலுவலகத்துக்கு மன்னிப்பு. பிழையை அறியாத கிழவிக்குத் தண்டனை!

சட்டமும் இந்த வேறுபாட்டை அறியாததன்று. நமது நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம-டச்சுச் சட்டம், கடன் இல்லாதவிடத்துத் தவறுதலாகக் கொடுக்கப்பட்டதை மீளக் கேட்கும் உரிமையைக் கொடுப்பவருக்கு அளிக்கிறது. ஆனால் அந்த உரிமையின் அடிப்படை, வாங்கியவரிடம் அநியாயமாகத் தங்கியிருக்கும் செல்வமே. நன்னம்பிக்கையோடு வாங்கிச் செலவழிந்துபோனதைப் பற்றி வாங்கியவர் வாதாட அச் சட்டத்தில் இடமுண்டு. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையும் அவ்வாறே. தன்னுடையது என்று நல்லெண்ணத்தோடு எடுத்தவனை அது குற்றவாளி என்பதில்லை. பிறருடையது என்று தெரிந்த பின்னும் நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்பவனையே குற்றவாளி என்கிறது. எல்லைக்கோடு ‘தெரிந்த கணம்’ என்பதில் இருக்கிறது. நமது அறநெறியும் அந்தக் கோட்டிலேயே நிற்கிறது.

பாக்குநீரிணைக்கு அப்பால் இப்பிரச்சினை இன்னும் தெளிவாக விசாரிக்கப்பட்டிருக்கிறது. பஞ்சாப் அரசுக்கும் ரபீக் மாசி என்ற ஊழியருக்கும் இடையிலான வழக்கில் 2014 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் சில வரம்புகளை வகுத்தது. கீழ்நிலை ஊழியரிடமிருந்தும், ஓய்வு பெற்றவரிடமிருந்தும், ஓராண்டுக்குள் ஓய்வு பெறவிருப்பவரிடமிருந்தும் மிகைச் சம்பளத்தை அறவிடலாகாது. ஐந்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கொடுக்கப்பட்டுவிட்டதைத் திருப்பிக் கேட்கலாகாது. தவறுதலாக உயர்ந்த பதவியின் வேலையைச் செய்வித்து அதற்குரிய சம்பளம் கொடுத்திருந்தால் அதனையும் மீளக் கேட்கலாகாது. அறவிடுவது கொடுமையாக முடியும் வேறு நிலைமைகளிலும் அறவிடலாகாது. 2022 மே மாதத்தில் கேரளத்து ஆசிரியர் ஒருவரின் வழக்கிலும், ஊழியருடைய ஏமாற்று இல்லாதவிடத்து, நிர்வாகம் விதியைத் தவறாக விளங்கிக்கொண்டதன் பாரத்தை ஓய்வு பெற்றவர் தலையில் ஏற்றலாகாது என்றே அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது: மிகைப் பணம் ஊழியரின் உரிமை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கொடுத்தவனுக்குக் கிடைக்கும் நன்மையைவிட வாங்கியவனுக்கு விளையும் துன்பம் பெரிதாயிருக்குமிடத்து, வலியவன் கையை நிறுத்திக்கொள்ளவேண்டும் என்றே சொன்னது.

செல்வம் மிக்க நாடுகளில் இத்தகைய பிழைகள் நிகழ்வதில்லை என்று எண்ணவேண்டாம். நமது உறவினர் பலர் வாழும் கனடாவில், 2016இல் ‘பீனிக்ஸ்’ என்ற கணினிச் சம்பள முறை புகுத்தப்பட்டபின், பல்லாயிரம் அரசாங்க ஊழியருக்குச் சம்பளம் கூடியும் குறைந்தும் வராமலும் போயிற்று. அவுஸ்திரேலியாவிலோ, சமூக உதவிப் பணம் கூடுதலாகப் பெற்றார்களென்று ஏழைகளின் மேல் கணினியே கடன் சுமத்தியது. ஆண்டு வருமானத்தைச் சராசரியாக்கிப் பொய்க் கணக்குப் போட்ட அந்தத் திட்டம் சட்டவிரோதமானதெனப் பின்னர் ஒப்புக்கொள்ளப்பட்டது; 2023 ஜூலையில் வெளியான விசாரணை ஆணைக்குழு அறிக்கை அதைக் கடுமையாகக் கண்டித்தது. ஆகவே ‘கூடுதலாகக் கொடுத்துவிட்டோம்’ என்று அதிகாரம் சொல்வதெல்லாம் உண்மையாகவும் இருக்கவேண்டியதில்லை. கணக்கைக் காட்டு என்று கேட்பது திருப்பிக் கொடுக்க மறுப்பதாகாது. அது உழைப்பவரின் உரிமை.

நமது நண்பர் என்ன செய்தார்? அதிபர் மூலம் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நிலுவை இருதடவை வந்திருக்கிறது. மிகையைத் தவணை முறையில் அறவிட்டுக்கொள்ளவும். இது வேலைப்பளுவினால் நேர்ந்த பிழையாகவே தோன்றுவதால் எந்த ஊழியரையும் தண்டிக்கவேண்டாம் – இவ்வளவே அதன் சாரம். பிரதி ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். பணத்தைத் தொடாமல் வேறாக வைத்தார். ஆனால், வரவேண்டிய நிலுவையைத் தர அத்தனை காலம் எடுத்த அலுவலகத்துக்கு, திருப்பித் தருவதாக ஒருவர் சொன்னதை வாங்கிக்கொள்ளவும் பல மாதங்கள் பிடித்தன. இடையில் அவர் மகனுக்கு வைத்தியச் செலவு வந்தது. அந்தப் பணம் வங்கியிற் கிடக்க, அவர் கைமாற்று வாங்கினார். “விசர் மனுசன்” என்று சிலர் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. ஏனென்றால், அந்தச் சில மாதங்களில் அவர் கொடுத்த விலையை நாம் அறிவோம். நேர்மைக்கு விலையில்லை என்று சொல்பவர்கள் வசதியுள்ளவர்கள்.

ஆனால் அந்த விலையை ஒரு தனிமனிதர் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவது ஒரு சமுதாயத்துக்கு அழகன்று. இவ்விடத்தில் ஆசிரியர் சங்கங்களுக்கு வேலை இருக்கிறது. ஒவ்வொரு கொடுப்பனவும் எதற்கானது, எந்தக் காலத்துக்கானது என்று விளங்கும்படி சம்பளச் சீட்டு அச்சிடப்படவேண்டும். மிகை என்று சொல்லப்படும் தொகைக்குக் கணக்குக் காட்டாமல் ஒரு சதமும் வெட்டலாகாது. வெட்டுவதாயின் குடும்பம் பட்டினி கிடவாத அளவில் தவணையாகவே வெட்டவேண்டும். நெடுங்காலம் நன்னம்பிக்கையோடு பெற்றதை ஓய்வு பெற்றவரிடம் திருப்பிக் கேட்கலாகாது. நேர்மையான பிழைக்குச் சிற்றூழியரின் சம்பளத்தில் கைவைக்கலாகாது. இவற்றோடு மற்றொன்று: அரசாங்கம் கூடுதலாகக் கொடுத்ததை எத்தனை வேகத்தில் அறவிடுகிறதோ, அத்தனை வேகத்தில் குறைவாகக் கொடுத்ததையும் தீர்க்கவேண்டும், தாமதித்த நிலுவைக்கு வட்டியும் தரவேண்டும். கடன் என்பது ஒருவழிப் பாதையன்று.

இக் கோரிக்கைகளை யார் எழுப்பலாம்? தமது கையில் மறைத்துவைத்த காசு இல்லாதவரே தலைநிமிர்ந்து எழுப்பலாம். நேர்மையை நாம் வற்புறுத்துவது அதிகாரிகளின் முன்னே நல்ல பிள்ளையாகப் பெயரெடுப்பதற்காகவன்று. ‘எங்கள் கணக்கு இதோ இருக்கிறது, உங்கள் கணக்கை எடுங்கள்’ என்று கேட்பதற்கு ஒரு தகுதி வேண்டும். பழமொழி சொன்ன அளவுகோல் கொடுப்பவனிடம் மட்டும் இருந்தாற் போதாது. உழைப்பவர்களும் ஆளுக்கொன்று கையில் வைத்திருக்கவேண்டும். அப்போதுதான் தமக்கு வரவேண்டியதை அளந்து கேட்க முடியும்.